நீட்டிப்பும் துண்டும்



சென்ற பள்ளி விடுமுறையின்போது ஒரு சனிக்கிழமை இரவு, செமினியில் உள்ள எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஒரு வழக்காடு மன்றமே நடந்தது. என் மகனும் இடைநிலைப்பள்ளியில் அவனோடு பயிலும் நண்பர்கள் நால்வரும் கற்பனைக் கூடைப்பந்து லீக் ஒன்றை நடத்தி வருகின்றனர். அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கத்தின் உண்மையான ஆட்டக்காரர்களைத் தாளில் 'வாங்கி', அவர்கள் மெய்யான ஆட்டங்களில் எடுக்கும் புள்ளிகளைக் கொண்டு தங்களுக்குள் வெற்றி தோல்வியைக் கணக்கிடும் விளையாட்டு அது. பணம் ஏதும் கைமாறுவதில்லை. தோற்றவர் ரொட்டி சானாய் வாங்கித் தரவேண்டும், அவ்வளவே.

அன்றைய சிக்கல், பிரான்சு நாட்டு இளைஞர் விக்டர் வெம்பன்யாமாவின் ஒப்பந்தத்தைப் பற்றியது. அவரைப் பதினெட்டு வெள்ளிக்கு ஏலத்தில் எடுத்தவன் என் மகன். ஒப்பந்தம் இவ்வாண்டோடு முடிகிறது. நீட்டிக்க வேண்டுமானால் ஆண்டுக்கு ஐந்து வெள்ளி கூட்ட வேண்டும் என்பது அவர்களுடைய விதி. மூன்றாண்டு நீட்டித்தால் மற்ற ஆட்டக்காரர்களுக்குப் பணம் போதாது. நீட்டிக்காவிட்டால் அவர் ஏலத்திற்குப் போய்விடுவார். ஒரு மணி நேரம் வாதாடினர். தேநீர் கொண்டு சென்ற நான், "அந்த ஆட்டக்காரரை ஒரு வார்த்தை கேட்டீர்களா?" என்று வேடிக்கையாக வினவினேன். அனைவரும் சிரித்தனர். "அப்பா, அவருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என்றான் மகன்.

அவன் கூற்று சரிதான். ஆயினும் அச்சிரிப்பை மறக்க முடியாமற்போனதற்கு, அடுத்த வாரம் நிகழ்ந்த ஒன்று காரணமாயிற்று.

என்னிடம் முன்பு பயின்ற மாணவன் ஒருவனின் தந்தை ஒரு காகித உறையோடு வந்தார். பையன் காற்பந்தில் கெட்டிக்காரன், வயது பதினேழு. ஒரு காற்பந்துக் குழு அவனை ஒப்பந்தம் செய்ய முன்வந்திருந்தது. வயது நிரம்பாததால் தந்தையும் கையொப்பமிட வேண்டும். "சார், இங்கிலீசில் இருக்கிறது. ஒரு முறை படித்துச் சொல்லுங்கள்" என்றார். படித்தேன். ஓராண்டு ஒப்பந்தம். சம்பளம் குறைவாயினும் தொடக்கத்திற்குத் தகுந்ததே. ஏழாம் பத்தியில் ஒரு வரி இருந்தது: ஆண்டு முடிவில் குழு விரும்பினால், இதே நிபந்தனைகளோடு மேலும் இரண்டாண்டு நீட்டித்துக்கொள்ளலாம். ஆட்டக்காரர் விரும்பினால் என்ன என்பது குறித்து ஒரு சொல்லும் இல்லை.

அந்த வரியைப் படித்ததும் எனக்கு இரண்டு வரலாறுகள் நினைவுக்கு வந்தன. ஒன்று அமெரிக்காவினுடையது, மற்றொன்று நம்முடையது.

முதலில், என் மகன் விளையாடும் விளையாட்டின் பிறப்பு. அமெரிக்காவில் வில்லியம் கேம்சன் என்னும் சமூகவியலாளர் 1960ஆம் ஆண்டிலேயே பேஸ்பால் ஆட்டக்காரர்களைக் கொண்டு இத்தகைய விளையாட்டொன்றைத் தொடங்கியிருந்தார். எனினும் அது பெருவழக்கானது, 1980ஆம் ஆண்டு டேனியல் ஒக்ரெண்ட் என்னும் எழுத்தாளர் நண்பர்களோடு கூடி 'ரொட்டிசரி லீக்' தொடங்கிய பின்னரேயாகும். நியூயார்க்கில் அவர்கள் கூடி உண்ட உணவகத்தின் பெயரே லீக்கின் பெயராயிற்று. (நம் பிள்ளைகளின் ரொட்டி சானாய்ப் பந்தயம் மரபு வழுவாதது போலும்!) ஏலத்தில் செலவிட ஒவ்வொருவருக்கும் 260 டாலர். ஆட்டக்காரரை நீண்ட காலம் வைத்துக்கொள்ள விரும்பினால் ஆண்டுக்கு ஐந்து டாலர் கூட்ட வேண்டும் என்னும் விதியும் அங்கிருந்தே வந்தது. ரசிகன் முதலாளியாகிப் பார்க்கும் விளையாட்டு இது. ஆட்டக்காரனாகிப் பார்க்கும் விளையாட்டன்று.

ஆனால் மெய்யான பேஸ்பாலிலும் நெடுங்காலம் நிலைமை இதுதான். 1879ஆம் ஆண்டு தொடங்கி, குழுக்கள் தம் ஆட்டக்காரர்களைப் பிறர் எடுக்காதவாறு ஒதுக்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. பின்னர் அது ஒப்பந்தத்திலேயே ஏறியது. ஆட்டக்காரர் கையொப்பமிட மறுத்தாலும், குழு அதே நிபந்தனைகளோடு ஓராண்டு புதுப்பித்துக்கொள்ளலாம் என்பது விதி. அதே நிபந்தனைகள் என்றால், அந்தப் புதுப்பிக்கும் விதியும் அவற்றுள் அடங்கும் அன்றோ? ஆகவே அடுத்த ஆண்டும் புதுப்பிக்கலாம், அதற்கடுத்த ஆண்டும் புதுப்பிக்கலாம், ஆட்டக்காரரின் கால்கள் ஓயும்வரை புதுப்பிக்கலாம் என்று முதலாளிகள் பொருள் கொண்டனர். பல பத்தாண்டுகள் அவ்வாறே நடந்தது.

1969ஆம் ஆண்டு கர்ட் ஃப்ளட் என்னும் கறுப்பின ஆட்டக்காரரை அவரைக் கேளாமலேயே செயின்ட் லூயிசிலிருந்து பிலடெல்பியாவிற்கு மாற்றினர். அவர் போக மறுத்தார், வழக்குத் தொடுத்தார். 1972இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்வும் அதற்கு முன்பே முடிந்திருந்தது. வெற்றி வேறு வழியாக வந்தது. ஆட்டக்காரர் சங்கத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த மார்வின் மில்லர், எஃகுத் தொழிலாளர் சங்கத்தில் பணியாற்றி வந்தவர். ஒப்பந்தத்தை எழுத்தெண்ணிப் படிக்கும் பழக்கம் அவருக்கு அங்கே வாய்த்தது. ஓராண்டு என்றால் ஓராண்டுதான் என்பது அவருடைய வாதம். ஆண்டி மெசர்ஸ்மித் என்னும் பந்து வீச்சாளர் 1975ஆம் ஆண்டு முழுவதும் கையொப்பமிடாமலேயே ஆடி முடித்தார். அவ்வாண்டு டிசம்பர் 23ஆம் நாள், நடுவர் பீட்டர் சைட்ஸ் ஆட்டக்காரர் பக்கமே தீர்ப்பளித்தார். முதலாளிகள் உடனே அந்நடுவரைப் பணியிலிருந்து நீக்கினர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கூடைப்பந்தில் அப்பணியைச் செய்தவர் ஆஸ்கார் ராபர்ட்சன். 1964ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் நட்சத்திர ஆட்டம் தொடங்கவிருந்த வேளையில், ஓய்வூதியத்திற்கு உறுதி தராவிட்டால் களமிறங்க மாட்டோம் என்று ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் அறையிலேயே அமர்ந்துவிட்டனர். தொலைக்காட்சி காத்திருந்தது. உறுதி கிடைத்த பின்னரே வெளியே வந்தனர். அவர்களுள் ஒருவராகிய ராபர்ட்சன், மறு ஆண்டு சங்கத் தலைவரானார். 1970இல் அவர் பெயரால் தொடுக்கப்பட்ட வழக்கு 1976இல் உடன்பாட்டில் முடிந்தது. குழு தன் விருப்பப்படி ஒப்பந்தத்தை நீட்டிக்கும் விதி நீங்கியது. இன்று என் மகனும் நண்பர்களும் மனப்பாடமாய் ஒப்பிக்கும் சம்பள உச்சவரம்பு, 'பேர்ட் உரிமை' முதலியன யாவும் அதன் பின்னர், 1980களில், சங்கத்தோடு பேசி வகுக்கப்பட்டவை. ஐரோப்பியக் காற்பந்திலோ, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரைக்கூடப் பணம் பெறாமல் விடமாட்டோம் என்னும் முறை, பெல்ஜிய நாட்டு ஜான் மார்க் போஸ்மன் வழக்கில் 1995இல்தான் வீழ்ந்தது.

இனி நம்முடைய வரலாற்றிற்கு வருவோம். இலட்சக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரரைத் தோட்டத்துத் தொழிலாளியோடு ஒப்பிடுவது முறையன்று என்பதை நான் அறிவேன். ஒருவன் இழந்தது பேரம் பேசும் உரிமை. மற்றவன் சிறைக்கே போனான். ஆயினும் வாசகம் ஒன்றாக இருக்கும்போது ஒப்பிடாமல் இருக்க இயலவில்லை.

செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு அழைத்து வரப்பட்ட தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்தனர். பிற்காலத்தில் பெரும்பாலும் மூன்றாண்டு ஒப்பந்தம். கப்பல் செலவும் முன்பணமும் கடனாக எழுதப்பட்டுச் சம்பளத்தில் பிடிக்கப்பட்டன. நோயாலோ வேறு காரணத்தாலோ வேலைக்கு வராத நாள்கள் ஒப்பந்தத்தின் கடைசியில் கூட்டப்பட்டன. ஓடிப்போனால் அது குற்றம், தண்டனை உண்டு. காலம் முடிந்தும் கடன் முடியாதவர் மீண்டும் கைநாட்டு வைத்தார். இதுவும் ஒப்பந்த நீட்டிப்பே. நீட்டித்தது கடன். மலாயாவிற்கு இவ்வாறு ஆள் எடுப்பது 1910இல் நிறுத்தப்பட்டது.

இலங்கையின் தேயிலை, காப்பித் தோட்டங்களில் வழங்கிய முறை இன்னும் வியப்பிற்குரியது. அங்கே 'துண்டு' என்றொரு சீட்டு இருந்தது. கங்காணி தன் ஆள்களோடு வேறு தோட்டத்திற்குப் போக விரும்பினால் துரையிடம் துண்டு கேட்பார். இன்ன கங்காணியின் ஆள்களுக்கு இவ்வளவு கடன் உள்ளது, அதைச் செலுத்தினால் இவர்களை விடுவிப்பேன் என்று துரை எழுதித் தருவார். புதிய தோட்டத்துத் துரை அக்கடனைச் செலுத்தி ஆள்களை எடுத்துக்கொள்வார். செலுத்திய தொகை மீண்டும் ஆள்களின் தலையிலேயே கடனாக ஏறும். இன்று காற்பந்தில் மாற்றுத் தொகை என்கிறார்களே, அதனை நம் மக்கள் அக்காலத்திலேயே ஒரு துண்டுச் சீட்டில் கண்டிருக்கிறார்கள். காற்பந்தில் அத்தொகை ஆட்டக்காரரின் கடனாவதில்லை என்பதே வேறுபாடு. துண்டு வழங்குவது 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டது.

மலாயாத் துரைமார் வேறு வழி கண்டனர். ஒரு தோட்டம் செலவழித்து அழைத்து வந்த ஆளை மறு தோட்டம் இழுத்துக்கொள்கிறது என்னும் பூசலுக்குத் தீர்வாக, 1907ஆம் ஆண்டு தமிழர் குடியேற்ற நிதி தொடங்கப்பட்டது. எல்லா முதலாளிகளும் அதற்குப் பணம் கட்டினர்; வந்தவர் கடனின்றி வந்தார். ஒரு மாத அறிவிப்புக் கொடுத்துவிட்டு விலகலாம் என்பதும் சட்டமாயிற்று. ஆனால் விலகி எங்கே போவது? அடுத்த தோட்டத்திலும் அதே சம்பளம். அதை முடிவு செய்யும் மேசையில் தொழிலாளி இல்லை. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச். நாதன் முதலானோர் தலைமையில் நம் மக்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்பதும் கோரிக்கையாக இருந்தது. துப்பாக்கிச் சூடு நடந்தது. நாதன் நாடு கடத்தப்பட்டார். தொழிலாளி அந்த மேசைக்கு நிலையாக வந்து அமர்ந்தது, 1954ஆம் ஆண்டு பி.பி. நாராயணன் முதலியோர் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கத்தை அமைத்த பிறகே எனலாம்.

அந்தத் தந்தை செமினித் தோட்டப் புறத்தில் வளர்ந்தவர். அவர் தாயார் பால்மரம் வெட்டியவர். மேற்கண்டவற்றை நான் அவருக்கு விரிவாகச் சொல்லவில்லை. துண்டைப் பற்றி மட்டும் சொன்னேன். பதினெட்டு வயது நிரம்பாதவரோடு மூன்றாண்டுக்கு மேல் ஒப்பந்தம் கூடாது என்பது உலகக் காற்பந்துச் சம்மேளனத்தின் விதி. ஒன்றும் இரண்டும் மூன்று, ஆகவே குழு எழுதியது அவ்வரம்பைத் தாண்டவில்லை. ஒருதலையாக நீட்டிக்கும் விதி செல்லுமா என்பது குறித்துப் பன்னாட்டு விளையாட்டு நடுவர் மன்றத்தில் வழக்குகள் நடந்துள்ளன; தீர்ப்புகள் ஒரே வகையாக அமையவில்லை. ஆகவே சட்டம் காப்பாற்றும் என்று நம்பி இராமல், கையொப்பத்திற்கு முன்பே கேட்டுவிடுங்கள் என்றேன். நீட்டிப்பதாயின் இருவர் ஒப்புதலோடு நீட்டிக்க வேண்டும். அல்லது நீட்டிக்கும் ஆண்டுகளுக்குரிய சம்பளத்தை இப்பொழுதே எழுத வேண்டும். ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன்.

"கேட்டால் பையனை வேண்டாம் என்று சொல்லிவிட்டால், சார்?"

இக்கேள்விக்கு என்னிடம் விடையில்லை. அது வெறும் அச்சமன்று, நடக்கக்கூடியதே.

அவர் மூன்று நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். இருவர் ஒப்புதல் என்பதற்குக் குழு இணங்கவில்லையாம். இரண்டாம் ஆண்டிற்கும் மூன்றாம் ஆண்டிற்கும் தனித்தனியே சம்பள உயர்வை எழுதித் தந்திருக்கிறார்கள். பையன் முதலில் கையொப்பமிட்டானாம்; பிறகு இவர். எழுதிய தொகை எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

என் மகனோ வெம்பன்யாமாவை இரண்டாண்டிற்கு நீட்டித்திருக்கிறான். இருபத்தெட்டு வெள்ளி.