சாஃப்ட்வேர் செய்ய எவ்வளவு ஆகும்? ரைஸ் மில் பில் முதல் ரூ.4,242 கோடி வருமான வரி தளம் வரை... கணக்கு போடுவது இப்படித்தான்!

வாடிப்பட்டியில் வீடு கட்டப் போறீங்கன்னா முதல் கேள்வியே சதுர அடிக்கு என்ன ரேட் என்பதுதான். அதே ஊரில் ரைஸ் மில் நடத்துபவர் பில் போட, பாக்கி பார்க்க ஒரு சாஃப்ட்வேர் கேட்டால்? ஒருத்தர் 40 ஆயிரம் என்பார், இன்னொருத்தர் 3 லட்சம் என்பார். யாரோ ஒருத்தர் ஏமாத்துறார்னு உடனே முடிவு கட்ட வேண்டாம். எதை அளந்து விலை சொன்னாங்க என்பதைப் பாருங்க.

சதுர அடி மாதிரி அளவு இருக்கா?

இருக்கு. 1979-ல் ஐபிஎம் நிறுவனத்தின் ஆலன் ஆல்பிரெக்ட் 'ஃபங்ஷன் பாயின்ட்' முறையை வெளியிட்டார். எத்தனை வரி புரோகிராம் என்று பார்க்காமல், அது நமக்கு என்னென்ன செய்து தருது என்று எண்ணும் முறை இது.

நம்ம மில்லையே எடுத்துக்குவோம். நெல் வரவு, அரிசி விற்பனை, பண வரவு என 3 பதிவுகள். நடுத்தர சிக்கல் என்றால் ஒவ்வொன்றுக்கும் 4 பாயின்ட், ஆக 12. தினக்கணக்கு, மாதக்கணக்கு அறிக்கைகளுக்கு தலா 5, ஆக 10. பாக்கி தேடிப் பார்க்க 4. வாடிக்கையாளர் விவரம், சரக்கு விவரம் சேமித்து வைக்க தலா 10, ஆக 20. மொத்தம் 46.

ஒரு பாயின்ட்டுக்கு 8 மணி நேரம் என்று வைத்தால், ஒருத்தருக்கு 46 வேலைநாள். அந்த 8 எங்கிருந்து வரணும்? அதே டீம் முன்னாடி முடித்த வேலைகளில் இருந்து. பழைய கணக்கே வைக்காதவங்க சொல்ற ரேட் வெறும் குத்துமதிப்புதான்.

பாதியில், "அப்படியே ஆளுங்க சம்பளக் கணக்கையும் சேர்த்துடுங்க தம்பி" என்றால்? ஒரு பதிவு, ஒரு அறிக்கை, ஒரு தொகுப்பு என 19 பாயின்ட் கூடும். வேலை 41% அதிகம். சண்டை ஆரம்பிக்கும் இடமும் இதுதான்!

பெருசானா என்ன ஆகும்?

1981-ல் பேரி போம் கொடுத்த 'கோகோமோ' சூத்திரப்படி, சிறிய டீம் செய்யும் எளிய வேலையில் 10 ஆயிரம் வரிக்கு சுமார் 27 ஆள்-மாதம் ஆகும். அதாவது ஒரே ஆள் செய்தால் 27 மாதம். கடும் கட்டுப்பாடுகள் கொண்ட வேலை என்றால் அதே அளவுக்கு 57. அதுவே 1 லட்சம் வரியானால் சுமார் 904! அளவு 10 மடங்கு, உழைப்பு 16 மடங்கு.

4,242 கோடி எதுக்கு?

வருமான வரி இ-ஃபைலிங் தளத் திட்டத்துக்கு 2019 ஜனவரி 16-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இன்ஃபோசிஸ் செய்த தளம் 2021 ஜூன் 7-ல் திறக்கப்பட்டு, முதல் நாளே திணறியது. ஆகஸ்ட்டில் நிறுவனத்தின் சிஇஓ சலில் பரேக்கை நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் வரவழைத்து, சரிசெய்ய செப்டம்பர் 15 வரை கெடு விதித்தார்.

ஒரு வெப்சைட்டுக்கு இவ்வளவா என்று கேட்கத் தோணும். ஆனால் இது 8.5 ஆண்டுக்கான மொத்தத் தொகை. ஜிஎஸ்டி, வாடகை, தபால் செலவு, திட்ட நிர்வாகம் எல்லாம் இதில் அடக்கம். 2021 ஜூன் வரை கொடுத்தது ரூ.164.5 கோடி என நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது.

மில்லுக்கும் இதே கதைதான். கொட்டேஷனில் செய்து தரும் விலை மட்டும் இருக்கா, சர்வர் வாடகை, ரிப்பேர், புது வரி விதி வந்தால் மாற்றித் தருவது எல்லாம் சேர்ந்திருக்கா, எத்தனை வருஷத்துக்கு என்று எழுதி வாங்கிக்கோங்க.