கனமும் பொள்ளலும்: சோழர் படிம வார்ப்பில் மண்ணச்சு

தஞ்சை இராசராசேச்சரக் கல்வெட்டுகள் செப்புத் திருமேனிகளின் உயரத்தை முழம், விரல் கணக்கில் தருகின்றன. கைகளையும் எண்ணிக் கூறுகின்றன. வார்த்த மண்ணச்சைப் பற்றி அவை பேசவில்லை. மெழுகு உருகியோட, அச்சு உடைபட, கோயிலுக்கு வருவது படிமம் மட்டுமே. எனினும் அக்கல்வெட்டுகள் 'கனம்', 'பொள்ளல்' என்று செய்பொருள்களை வேறுபடுத்துவது இங்குக் கருதத்தக்கது. கன வார்ப்பில் மெழுகுருவம் முழுமையாக வனையப்பட்ட பின்னரே மண் பூசப்படும். பொள்ளல் வார்ப்பில் மண்ணே முதல். மண் உள்ளீட்டின்மீது மெழுகு போர்த்தி, அதன்மேல் மீண்டும் மண் பூசுவர். ஆக, படிமத்தைக் குறித்த சொல் அச்சு உருவான வரிசையையும் உணர்த்துகிறது. (பொன்னில் அமைந்த பொள்ளல் உருக்கள் தகட்டு வேலையாகவும் இருக்கலாம், அவற்றுக்கு இது பொருந்தாது.)

கன வார்ப்பைச் சுவாமிமலையில் இன்றும் காணலாம். மெழுகுருவின்மீது முதலில் நுண்ணிய காவிரி வண்டலைப் பூசுவர். அணிகலன்களின் மெல்லிய கோடுகளையும் அதுவே பதிவுகொள்கிறது. உலர்ந்தபின் மணல் கலந்த பருமண் பூச்சுகள்; பெரிய படிமமாயின் இரும்புக் கம்பிக் கட்டும் உண்டு. வறட்டி நெருப்பில் மெழுகை வெளியேற்றியபின் உலோகம் வார்க்கப்படுகிறது.

இக்கள நடைமுறையை ஆய்வாளர் பலர் சோழர் காலத்துக்கு அப்படியே ஏற்றிக் கூறுகின்றனர். ஆனால் இன்றைய மெழுகுக் கலவையில் தேன்மெழுகு, குங்கிலியம் ஆகியவற்றோடு நிலக்கடலை எண்ணெயும் சேர்கிறது. நிலக்கடலையோ தென்னமெரிக்கப் பயிர், கி.பி. 1500-க்குப் பின்னரே இங்கு வந்தது. இராசராசன் காலத்துக் கம்மியர் வேறோர் எண்ணெயையே கையாண்டிருத்தல் வேண்டும்.