மாவட்ட நூலக ஆணைக்குழு

தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாவட்டத்தின் பொது நூலகங்களையும் நிர்வகிக்கும் சட்டபூர்வ அமைப்பு. நூலகவியல் அறிஞர் சீ. இரா. அரங்கநாதனின் முயற்சியாலும், அன்றைய கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியாரின் ஆதரவாலும் நிறைவேறிய 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் இதற்கு அடிப்படை. விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் இதுவே.

அமைப்பு: மாநில மைய நூலகமான சென்னை கன்னிமாரா நூலகத்தை (1896) உச்சியாகக் கொண்டு, மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் எனப் படிப்படியாக விரிகிறது. பொது நூலக இயக்ககம் 1972இல் தனித்துறையானது.

நிதி: சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகச் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. பாலக்கோடு வட்டத்திலுள்ள மாரண்டஹள்ளி பேரூராட்சியில் வீட்டு வரி கட்டுபவரின் பணத்திலும் ஒரு பங்கு இவ்வாறு தருமபுரி மாவட்ட ஆணைக்குழுவுக்குச் செல்கிறது. ஆகவே நூலகம் அரசு தரும் இலவசமன்று, மக்கள் தம் பணத்தில் நிறுத்திய பொதுச்சொத்து. புரவலர்களின் நன்கொடையும் இதற்குத் துணை.

சேவைகள்: நூல் இரவல், நாளிதழ்கள், சிறுவர் பகுதி, போட்டித் தேர்வு நூல்கள், வாசகர் வட்டக் கூட்டங்கள். நூலகத்துக்கு வர இயலாத முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் இல்லத்துக்கே தன்னார்வலர்கள் வழியாகப் புத்தகம் கொண்டு சேர்ப்பது ‘நூலக நண்பர்கள்’ திட்டம். ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம் கொண்டாடப்படுகிறது. புதிய உறுப்பினர்களைச் சேர்க்க ஏற்ற காலம் இது.

காண்க: அண்ணா நூற்றாண்டு நூலகம் (2010), கலைஞர் நூற்றாண்டு நூலகம், மதுரை (2023).