மோசஸ் வீட்டு வாசல்

1974ஆம் வருஷம். அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்தில் பீட்டர்ஸ்பர்க் என்று ஒரு சின்ன ஊர். உள்நாட்டுப் போர் நடந்த இடத்தைப் பார்க்க வருகிற சரித்திரப் பிரியர்களைத் தவிர, வெளியூர்க்காரர்கள் அதிகம் எட்டிப் பார்க்காத ஊர்.

ஆனால் அந்த வருஷம் அங்கே மோட்டலில் அறை எடுத்துத் தங்கியவர்கள் சரித்திரம் படிக்க வந்தவர்கள் இல்லை. கல்லூரிகளின் கூடைப்பந்துப் பயிற்சியாளர்கள். சிலர் வாரக்கணக்கில் அங்கேயே குடியிருந்தார்கள். எல்லோரும் தேடி வந்தது ஒரே ஒரு பள்ளிக்கூடப் பையனை.

பெயர் மோசஸ் மலோன். வயது 19. உயரம் கிட்டத்தட்ட ஏழு அடி. அவனை வைத்துக்கொண்டு பீட்டர்ஸ்பர்க் உயர்நிலைப் பள்ளி தொடர்ந்து 50 ஆட்டங்களில் ஜெயித்திருந்தது. அப்பா எப்போதோ பிரிந்து போய்விட்டார். அம்மா மேரிக்கு சூப்பர் மார்க்கெட்டில் இறைச்சி பொட்டலம் கட்டுகிற வேலை. பையன் அதிகம் பேசமாட்டான். கேட்ட கேள்விக்கு ஒரு முனகல், அவ்வளவுதான்.

அவன் பின்னால் 200க்கும் மேற்பட்ட கல்லூரிகள். ஓரல் ராபர்ட்ஸ் என்ற டிவி மதப் பிரசாரகரை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். சொந்தமாக ஒரு பல்கலைக்கழகமே வைத்திருந்தவர். எங்கள் கல்லூரியில் சேர்ந்தால் உன் அம்மாவின் வயிற்றுப் புண்ணை ஜெபம் செய்து குணப்படுத்துகிறேன் என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. அமெரிக்க விளையாட்டு எழுத்தாளர்கள் இன்றுவரை சலிக்காமல் சொல்லும் கதை.

ஒரு பையனுக்கு ஏன் இத்தனை பேர் க்யூ?

கணக்கு ரொம்ப எளிது. கூடைப்பந்தில் ஒரு அணிக்கு மைதானத்தில் ஐந்தே பேர். கிரிக்கெட் மாதிரி பதினொன்று கிடையாது. ஐந்தில் ஒருவன் அசகாய சூரனாக இருந்துவிட்டால் போதும், சுமாரான கல்லூரிகூட சாம்பியன் ஆகலாம். சாம்பியன் ஆனால் அரங்கம் நிரம்பும். டிவிக்காரன் வருவான். பழைய மாணவர்கள் பூரித்துப்போய் நன்கொடை எழுதுவார்கள். பயிற்சியாளருக்குச் சம்பளம் ஏறும். நான் காமர்ஸ் படித்தவன். ஒரு பொருளால் இத்தனை பேருக்கு லாபம் என்றால், அந்தப் பொருளுக்கு ஒரு கொள்முதல் விலை இருக்கவேண்டுமே என்றுதான் புத்தி போகிறது.

இங்கே இல்லை. சட்டப்படி அந்தப் பையனுக்குக் கொடுக்கக்கூடியது படிப்புச் செலவு, தங்குமிடம், சாப்பாடு, புத்தகம். காசு கொடுத்தால் தப்பு. வாங்கினால் அதைவிடத் தப்பு.

தப்பு நடக்காமலா இருந்தது? அதற்கு 1955க்குப் போகவேண்டும். பிலடெல்பியாவில் வில்ட் சேம்பர்லின் என்ற ஏழு அடிப் பையனுக்கும் இதே மாதிரி 200 சொச்சம் கல்லூரிகள் வலை வீசின. பிடித்தது கான்சாஸ். அங்கே பயிற்சியாளர் ஃபாக் ஆலன், பழம் தின்று கொட்டை போட்டவர். பையனின் அம்மாவிடம் பாசமாகப் பேசினார். அந்தப் பக்கத்துக் கறுப்பினப் பிரமுகர்களை விட்டும் பேசவைத்தார். நம்பி வந்த வில்ட்டுக்கு, வந்த புதிதிலேயே, கறுப்பர் என்பதால் உணவகங்களில் உட்கார இடம் கிடைக்கவில்லை. ஆலனுக்கும் அதிர்ஷ்டமில்லை. அன்றைய விதிப்படி முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆட முடியாது. வில்ட் இரண்டாம் ஆண்டுக்கு வருவதற்குள் ஆலனுக்கு எழுபது வயது ஆகிவிட்டது என்று கட்டாய ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வலை வீசியவர் ஒருவர், மீன் சாப்பிட்டவர் இன்னொருவர்.

ரொம்ப வருஷம் கழித்து, 1985ல், கான்சாஸில் இருந்தபோது கல்லூரி அபிமானிகளிடமிருந்து சுமார் 4,000 டாலர் வாங்கியதாக வில்ட்டே ஒப்புக்கொண்டார். அவரை வைத்து எத்தனை ஆயிரம் டிக்கெட் விற்றிருப்பார்கள்!

கல்லூரி விளையாட்டைக் கட்டி மேய்க்கிற அமைப்பு என்.சி.ஏ.ஏ. 1951 முதல் 1987 வரை அதன் நிர்வாக இயக்குநர் வால்டர் பயர்ஸ். கில்லாடி. 1955ல் கொலராடோவில் ஒரு கல்லூரி மாணவர் கால்பந்து (நம்ம ஊர் ஃபுட்பால் இல்லை, அமெரிக்க வகையறா) ஆடும்போது தலையில் அடிபட்டு இறந்துபோனார். வேலையில் இறந்த தொழிலாளிக்குரிய நஷ்டஈடு வேண்டும் என்று மனைவி வழக்குப் போட்டார். கல்லூரி ஒன்றும் கால்பந்து வியாபாரம் நடத்தவில்லை என்று சொல்லி, 1957ல் மாநில உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. இம்மாதிரி வழக்குகளைக் கண்டு மிரண்டுபோன பயர்ஸின் அலுவலகம் ஒரு வார்த்தையைப் புழக்கத்தில் விட்டது: ‘ஸ்டூடன்ட் அத்லெட்’. மாணவ வீரன். தொழிலாளி இல்லை, மாணவன். புரிகிறதா? ஒரே வார்த்தையில் சம்பளம், நஷ்டஈடு இரண்டும் அவுட்.

1973ல் இன்னொரு திருகல். அதுவரை நாலு வருஷத்துக்குக் கொடுக்க முடிந்த உதவித்தொகையை வருஷா வருஷம் புதுப்பிக்கவேண்டிய ஒன்றாக மாற்றினார்கள். முட்டி உடைந்தாலோ, பயிற்சியாளருக்குப் பிடிக்காமல் போனாலோ, அடுத்த வருஷம் உத்தரவாதமில்லை. வாசலில் வந்து நின்று அம்மாவிடம் அத்தனை இனிமையாகப் பேசுகிறவர்கள் இதை எவ்வளவு தூரம் விளக்கிச் சொன்னார்கள் என்பது அவரவர் மனசாட்சிக்கே வெளிச்சம்.

மோசஸுக்கு வருவோம். கடைசியில் ஜெயித்தவர் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் லெஃப்டி டிரீசல். பையன் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. டிரீசல் தேசிய சாம்பியன் கனவில் மிதந்துகொண்டிருந்தார்.

அப்போது அமெரிக்காவில் தொழில்முறைக் கூடைப்பந்துக்கு இரண்டு கடைகள். பெரிய கடை என்.பி.ஏ., போட்டிக்கடை ஏ.பி.ஏ. பெரிய கடையில், பள்ளி முடித்து நாலு வருஷம் ஆகாதவனைச் சேர்ப்பதில்லை என்ற விதியை 1971ல் ஸ்பென்சர் ஹேவுட் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆட்டிவிட்டிருந்தது. போட்டிக்கடைக்கோ ஆள் கிடைத்தால் போதும், எந்த விதியையும் பார்க்கிற நிலையில் இல்லை. ஏ.பி.ஏ.வின் யூட்டா ஸ்டார்ஸ் அணி நேராகப் பீட்டர்ஸ்பர்க் வந்தது. ஜெபம் இல்லை, வளாகத்தைச் சுற்றிக் காட்டுவது இல்லை. ஒப்பந்தத்தையும் அதிலே தொகையையும் காட்டியது. 1974 ஆகஸ்டில் மோசஸ் கையெழுத்திட்டான். நவீனத் தொழில்முறைக் கூடைப்பந்தில் பள்ளியிலிருந்து நேராகப் போன முதல் பையன்.

ஐயோ, படிப்பு பாழாகிறதே என்று பத்திரிகைகள் புலம்பின. படிப்பைப் பற்றிய அந்தக் கவலை, 200 கல்லூரிகள் மோட்டலில் அறை போட்டபோது எங்கே போயிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. மலோன் என்.பி.ஏ.வில் மூன்று முறை ஆண்டின் சிறந்த வீரர் ஆனார். 1983ல் பிலடெல்பியாவுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார்.

கல்லூரிகளின் வேட்டையோ இன்னும் பெரிதானது. 1977 முதல் நைக்கி கம்பெனிக்காக சோனி வக்காரோ என்பவர் பயிற்சியாளர்களுக்குப் பணமும் அணிகளுக்கு இலவச ஷூவும் கொடுத்து வளைத்தார். 1984ல் சிறந்த பள்ளி மாணவர்களுக்கென்றே ஒரு கோடை முகாம் ஆரம்பித்தார். பயிற்சியாளர்கள் ஊர் ஊராக அலையவேண்டாம், பையன்கள் மொத்தமாக ஒரே கூரையின் கீழ் கிடைத்தார்கள். 2010ல் என்.சி.ஏ.ஏ.யின் மார்ச் மாதப் போட்டிக்கு டிவி உரிமை 14 வருஷத்துக்கு 1,080 கோடி டாலருக்குப் போனது.

பையன்களுக்கு? பேகல் என்று வளையம் போல ஒரு ரொட்டி. அதைச் சும்மா கொடுக்கலாம், மேலே தடவ எதுவும் கொடுக்கக்கூடாது என்றெல்லாம் விதி வைத்திருந்தார்கள். இட்லி உண்டு, சட்னி கிடையாது! 2014ல் கனெக்டிகட் அணியை சாம்பியனாக்கிய ஷபாஸ் நேப்பியர், சில ராத்திரிகளில் பசியோடு படுக்கிறேன் என்று நிருபர்களிடம் சொன்னபிறகுதான் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள்.

2017ல் எஃப்.பி.ஐ. களத்தில் குதித்தது. நல்ல பையன்களைத் தங்கள் கல்லூரிகளுக்குத் தள்ளிவிட, அவர்கள் குடும்பங்களுக்கு அடிடாஸ் ஆட்கள் ரகசியமாகப் பணம் கொடுத்தார்கள் என்று வழக்கு. 2018ல் மூன்று பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. இதில் ஏமாற்றப்பட்டவர் யார் தெரியுமா? சட்டத்தின் பார்வையில், பல்கலைக்கழகங்கள்! பாதிக்கப்பட்ட அப்பாவிகள் பட்டியலில் கான்சாஸும் இருந்தது. வில்ட்டின் அதே கான்சாஸ்.

பயர்ஸ் என்ன ஆனார்? ஓய்வுபெற்று 1995ல் ஒரு புத்தகம் எழுதினார். தான் கட்டிக் காத்த அமைப்பையே அதில் கிழித்துத் தொங்கப் போட்டார். நாற்காலியில் இருந்தபோது செய்திருக்கலாம்.

2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 9-0 என்று என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்கு விற்றுச் சம்பாதிக்கலாம் என்றானது. 2025 ஜூனில் ஒரு நீதிமன்ற சமரசம் வந்து, ஒரு கல்லூரி தன் வீரர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து முதல் வருஷத்தில் 2.05 கோடி டாலர் வரை நேரடியாகவே கொடுக்க வழி பிறந்தது.

மோசஸ் மேரிலாண்டுக்குக் கொடுத்தானே, அந்தச் சம்மதக் கடித முறை 1964ல் வந்தது. 2024 அக்டோபரில் அதையும் ஒழித்துவிட்டார்கள். இப்போது பையன்கள் போடும் கையெழுத்து, எவ்வளவு தருவீர்கள் என்பதை எழுதிய காகிதத்தில்.