எல்லை கடக்கும் பணம்



சில ஆண்டுகளுக்கு முன் இத்தாலி நாட்டுப் பிளாரென்ஸ் நகரில் ஒரு புத்தகக் கடைக்குச் சென்றிருந்தேன். விலையைச் செலுத்த வங்கி அட்டையை நீட்டியபோது, கருவியின் திரையில் இரண்டு தொகைகள் தோன்றின. ஒன்று யூரோவில், மற்றொன்று நம் ரூபாயில். பழகிய நாணயமாயிற்றே என்று ரூபாயைத் தேர்ந்தெடுத்தேன். ஊர் திரும்பிக் கணக்குப் பார்த்த பின்னரே, அன்றைய மாற்று விகிதத்தைக் காட்டிலும் மிகுதியாகக் கொடுத்திருந்தேன் என்பது விளங்கிற்று. கட்டணம் என்று ஒரு காசும் எழுதப்படவில்லை. அது விகிதத்துக்குள்ளேயே மறைந்திருந்தது.

இம்மறைவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. பிளாரென்சுக்கு அருகிலுள்ள பிராட்டோ நகரத்து வணிகர் பிரான்செஸ்கோ தாத்தினி 1410-ஆம் ஆண்டு காலமானார். அவருடைய கடிதங்களும் கணக்கேடுகளும் அந்நகரில் இன்றும் காக்கப்பட்டு வருகின்றன. அவற்றிடையே ஆயிரக்கணக்கான மாற்றுச் சீட்டுகள் உள்ளன. ஓர் ஊரில் ஒரு நாணயத்தில் பணம் கட்டி, வேற்றூரில் வேறு நாணயத்தில் பெறுவதற்கான சீட்டுகள் அவை. நம் நாட்டு உண்டியலை ஒத்தவை. கடனுக்கு வட்டி வாங்குவதைத் திருச்சபை தடுத்திருந்த காலம் அது. ஆயினும், நாணயம் மாற்றுவதில் கிடைக்கும் ஆதாயம் பெரும்பாலும் குற்றமாகக் கருதப்படவில்லை. ஆகவே வணிகர் தம் ஊதியத்தை விகிதத்துக்குள் அடக்கிக்கொண்டனர்.

நூற்றாண்டுகள் கழிந்தன. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் தலைவர் ஃபார்கோ ஐரோப்பாவில் பயணம் செய்தபோது, கையிலிருந்த கடன் கடிதத்தைப் பணமாக்கப் பெரிதும் இடர்ப்பட்டார். அதன் விளைவாக 1891-இல் அந்நிறுவனம் பயணக் காசோலையை வெளியிட்டது. வாங்கும்போது ஒரு கையொப்பம், மாற்றும்போது மற்றொரு கையொப்பம். இரண்டும் ஒத்திருந்தால் பணம் கிடைக்கும். 1950-இல் டைனர்ஸ் கிளப் அட்டை பிறந்தது. காலப்போக்கில் காகிதத்தின் இடத்தை அட்டையே பிடித்துக்கொண்டது.

ஆனால் கட்டணம் ஒழிந்ததா? இல்லை. அயல்நாட்டில் செலவிடும் தொகையின்மீது நம் வங்கி நூற்றுக்கு மூன்றரை விழுக்காடு கூட்டுவதாகக் கொள்வோம். பத்தாயிரம் ரூபாய்க்கு 350 ரூபாய் போய்விடும். பணப்பொறியில் நோட்டாக எடுத்தால் தனிக் கட்டணமும் சேரக்கூடும். கடையிலேயே ரூபாயாக மாற்றிக்கொள்ள இசைந்தால், விகிதத்தை வகுக்கும் உரிமை கடைக்காரர் பக்கத்துக்குப் போய்விடுகிறது. நான் இழந்தது இவ்வழியில்தான்.

சட்டம் வாளாவிருக்கவில்லை. 2002 ஜனவரியில் யூரோ நோட்டுகள் புழக்கத்துக்கு வந்தன. அவ்வாண்டு ஜூலை முதல், யூரோவில் நிகழும் அட்டைச் செலவுக்கு, எல்லை கடந்தாலும் உள்நாட்டுக் கட்டணமே வாங்கவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. ஒன்றியத்து நாணயங்களை மாற்றும்போது, ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தைவிட எத்தனை விழுக்காடு கூடுதல் என்று காட்டவேண்டும் என்ற விதியும் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அறுநூறு ஆண்டுகளாக விகிதத்துக்குள் ஒளிந்திருந்தது, அங்கேனும் வெளிச்சத்துக்கு வந்தது.

உங்களுள் பலர் நாளை கல்விக்காகக் கடல் கடந்து செல்வீர்கள். பெற்றோர் அரிதில் சேர்த்த பணம் உங்கள் கையில் இருக்கும். எந்த நாணயத்தில், எந்த விகிதத்தில், யாருக்கு எவ்வளவு என்ற மூன்று வினாக்களை மறவாமல் கேளுங்கள். சென்ற நாட்டின் நாணயத்திலேயே செலுத்துவது பெரும்பாலும் சிக்கனமாக அமையும். நான் விலை கொடுத்துக் கற்ற பாடத்தை நீங்கள் விலையின்றிக் கொள்ளலாம்.