அயர்லாந்து வயல்களில் மறைந்த மடங்கள்

அயர்லாந்து நாட்டின் விரிவான நிலப்படம் ஒன்றை எடுத்து, ஊர்ப் பெயர்களைப் படித்துக்கொண்டே செல்லுங்கள். கில்டேர், கில்கென்னி, கில்லார்னி, கில்பிரைட், கில்மோர் என்று 'கில்' எனத் தொடங்கும் பெயர்கள் திரும்பத் திரும்பக் கண்ணிற் படும். இந்தக் 'கில்' ஐரிஷ் மொழியில் தேவாலயத்தைக் குறிக்கும் சொல். சிற்றறை என்று பொருள்படும் 'கெல்லா' என்ற இலத்தீன் சொல்லே ஐரிஷ் நாவில் இவ்வாறு திரிந்தது. கில்டேர் என்றால் ஓக் மரத்துத் தேவாலயம். 'டோனா' என்று தொடங்கும் பெயர்கள் இதற்கும் முற்பட்டவை. அவை ஆண்டவனின் இல்லம் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. 'டிசர்ட்' என்று சில ஊர்கள் உள்ளன. அதற்குப் பாலைவனம் என்று பொருள். ஆண்டு முழுவதும் மழை தூறும் நாட்டில் பாலைவனம் ஏது? எகிப்தியப் பாலைவனத்தில் தனித்து வாழ்ந்த துறவியரைப் பின்பற்ற விரும்பிய ஐரிஷ் துறவியர், தாம் தேடிப்போன தனிமையான இடத்துக்கெல்லாம் அப்பெயரையே வைத்துவிட்டனர்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. காடு என்று பொருள்படும் வேறோர் ஐரிஷ் சொல்லும் ஆங்கில எழுத்தில் 'கில்' என்றே ஆகிவிட்டது. எனவே, பெயரை மட்டும் நம்பித் தேவாலயத்தைத் தேடிச் செல்பவர் சில சமயம் காட்டில் போய் நிற்பார். 1830-களில் நாடு முழுவதும் நில அளவை நடந்தபோது, ஜான் ஓடோனவன் என்ற அறிஞர் ஊர் ஊராகச் சென்று, முதியோர் வாயால் பெயர்களைக் கேட்டு, எது எந்தக் 'கில்' என்று பிரித்தறிய முயன்றார். இன்றும் ஆராய்ச்சியாளர் அவர் குறிப்புகளையே முதலில் புரட்டுகின்றனர்.

பெயர் இருக்கிறது, தேவாலயம் எங்கே? பெரும்பாலான இடங்களில் ஒரு சுவர்கூட இல்லை. மாடுகள் மேயும் புல்வெளிதான் இருக்கிறது. இதன் காரணத்தை அறிய, கிறிஸ்தவம் அங்கு எவ்வாறு வந்தது என்பதைச் சிறிது பார்க்கவேண்டும்.

கி.பி. 431-இல் போப் செலஸ்டின், பல்லேடியஸ் என்பவரை அயர்லாந்துக்குப் பிஷப்பாக அனுப்பினார். அந்நாட்டுக் கிறிஸ்தவத்தைப் பற்றி உறுதியான ஆண்டுடன் கிடைக்கும் முதற் செய்தி இதுவே. புகழ் பெற்ற பாட்ரிக் அதே நூற்றாண்டில் பணியாற்றியவர். ரோமப் பேரரசின் படைகள் பிரிட்டனை வென்றனவேயன்றி அயர்லாந்தை ஆளவில்லை. ஆகவே அங்கு ரோமானிய நகரங்களோ கல் மாளிகைகளோ இல்லை. மற்ற நாடுகளில் பிஷப்புகள் நகரங்களில் அமர்ந்தனர். இங்கு அமர்வதற்கு நகரமே இல்லை. மக்கள் தனித்தனிப் பண்ணைகளில், சுற்றிலும் வட்டமாக மண்கரையும் அகழியும் அமைத்து வாழ்ந்தனர். அத்தகைய வட்டப் பண்ணைகளின் அடையாளங்கள் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவை கண்டறியப்பட்டுள்ளன. புதிய சமயமும் அதே வடிவத்தை எடுத்துக்கொண்டது. வட்டம் மட்டும் பெரிதாயிற்று. சாதாரணப் பண்ணையின் குறுக்களவு சுமார் 30 மீட்டர் என்றால், தேவாலய வட்டங்கள் பலவும் 100 மீட்டரை ஒட்டியவை. உள்ளே எழுந்த தேவாலயமோ மரத்தாலும் மிலாறுப் பின்னலாலும் ஆனது. அது மக்கிப் போயிற்று. வட்டம் தங்கிவிட்டது.

இந்த வட்டங்களைத் தரையில் நின்று காண்பது அரிது. விமானத்திலிருந்து பார்த்தால் தெரியும். அகழி தூர்ந்துபோனாலும் அதை நிரப்பிய மண் ஈரத்தை அதிகம் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதன்மேல் வளரும் பயிர் செழித்துப் பசுமையாக நிற்கும். புதையுண்ட கற்சுவரின் மேலுள்ள பயிரோ வாடி மஞ்சளாகும். வறண்ட கோடையில் இந்த வேறுபாடு கோலம் போட்டாற்போல் வானிலிருந்து புலப்படும். 2018-ஆம் ஆண்டின் கடும் வறட்சியில் இவ்வாறு பல பழைய இடங்கள் வெளிப்பட்டன. லியோ ஸ்வான் என்ற தொல்லியலாளர் 1970-களிலும் 1980-களிலும் வானிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு தேவாலய வட்டங்கள் பலவற்றை அடையாளம் கண்டார். வளைந்து செல்லும் ஓர் உயிர்வேலி, அருகே ஒரு புனிதக் கிணறு, சிலுவை பொறித்த கல், குழிவான பாறை, பழைய இடுகாடு, 'கில்' என்ற பெயர் ஆகியவற்றுள் சில ஒருங்கே அமைந்தால் அங்கு ஒரு பழந் தேவாலயம் இருந்திருக்க வேண்டும் என்பது அவர் முறை.

வயலில் மட்டுமல்ல, நகரத்திலும் வட்டம் மறையவில்லை. ஆர்மா, கெல்ஸ் ஆகிய ஊர்களின் தெருக்கள் காரணமின்றி வளைவதுபோல் தோன்றும். பழைய மடத்தின் எல்லையை ஒட்டியே அங்குத் தெருக்கள் அமைந்தன. வீடுகள் பலமுறை இடிந்து எழுந்தும் வளைவு நிமிரவில்லை.

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரிஷ் சட்ட அறிஞர்கள் தொகுத்த திருச்சபை விதிகளில், புனித இடத்துக்குள் ஒன்றினுள் ஒன்றாக எல்லைகள் வகுக்கப்பட்டன. வெளிவட்டத்தில் பொதுமக்கள் நுழையலாம். உள்ளே செல்லச் செல்லக் குருமார்க்கு மட்டுமே இடம். இந்த எல்லைக்குள் ஓடிவந்து புகுந்தவனைப் பகைவர் தொடக்கூடாது என்பதும் மரபு. 'டெர்மன்' எனத் தொடங்கும் ஊர்ப் பெயர்கள் அந்த அடைக்கல எல்லையின் நினைவே.

மரக் கட்டடம் இருந்தது என்பதற்குச் சான்று உண்டா? கெர்ரி மாவட்டக் கடலோரத்தில் வலன்ஷியாவை அடுத்த சர்ச் தீவில், எம். ஜே. ஓகெல்லி 1950-களின் நடுவில் அகழ்ந்தார். அங்கிருந்த சிறு கல் வழிபாட்டறையின் அடியில், அதற்கும் முந்திய மர வழிபாட்டறையின் தூண் குழிகளைக் கண்டார். மரம் முதலில், கல் பிறகு என்ற வரிசை அங்குத் தெளிவாயிற்று. மரம் அரிதான மேற்குக் கரையில் சாந்தின்றிக் கல் அடுக்கும் கலை வளர்ந்தது. ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழ் வரிசையைவிடச் சற்று உள்ளே நீண்டு, இறுதியில் இரு பக்கமும் உச்சியில் கூடும். கற்களை வெளிப்புறம் சற்றே சரித்து வைப்பதால் மழைநீர் உள்ளே இறங்காது. டிங்கிள் தீபகற்பத்திலுள்ள காலரஸ் வழிபாட்டறை கவிழ்த்த படகு போன்றது. இன்றும் உள்ளே ஒழுகுவதில்லை என்பர்.

இக்கலையின் உச்சியைக் காண விரும்புவோர் ஸ்கெல்லிக் மைக்கேலுக்குச் செல்கின்றனர். கரையிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், அட்லாண்டிக் கடலில் 218 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கும் செங்குத்துப் பாறை அது. அறுநூறுக்கும் மேற்பட்ட கற்படிகளில் ஏறினால், தேன்கூடு வடிவில் ஆறு அறைகளும் இரு வழிபாட்டறைகளும் உள்ளன. குடிநீர் மழைநீரே. 824-இல் வைக்கிங் கொள்ளையர் அங்கிருந்து எட்கல் என்ற துறவியைப் பிடித்துச் சென்றனர். அவர் பசியாலும் தாகத்தாலும் இறந்தார் என்று ஆண்டுக் குறிப்புகள் கூறுகின்றன. அப்பாறையில் கொள்ளையிடத் தக்கதாக என்ன இருந்திருக்கும்! 1996-இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

ஆனால், ஐரிஷ் மடங்கள் என்றதும் ஸ்கெல்லிக்கை மட்டும் நினைப்பது பெருந் தவறு. உலகை வெறுத்துப் பாறையில் ஒதுங்கிய சிலர் இருந்தனர் என்பது உண்மை. பெரும்பாலான மடங்களோ நிலமும் மந்தையும் உழவரும் தச்சரும் கொல்லரும் உடையவை. வட அயர்லாந்தின் ஸ்ட்ராங்போர்டு கடற்கழியில், மாஹீ தீவிலுள்ள நென்ட்ரம் மடமே இதற்கு நல்ல சான்று.

ஒன்றினுள் ஒன்றாக மூன்று கல் மதில்கள் உடைய அம்மடத்தை 1920-களில் லாலர் என்பவர் அகழ்ந்தார். எனினும் அதன் வியப்பு மதிலுக்கு வெளியே கரையோரச் சேற்றில் இருந்தது. 1999-இல் தொடங்கிய ஆய்வில், கடல் ஏற்ற இறக்கத்தால் இயங்கிய மாவாலை அங்கு இருந்தது தெரியவந்தது. துறவியர் கடல்வாயின் குறுக்கே அணை கட்டினர். ஏற்றத்தின்போது கடல்நீர் மதகு வழியாக அணைக்குள் புகுந்து குளமாக நிற்கும். கடல் வடிந்ததும், தேங்கிய நீரை ஓர் ஒடுங்கிய வாய்க்கால் வழியே பாய விடுவர். அது கிடையாகப் படுத்திருந்த சக்கரத்தின் துடுப்புகளில் மோதிச் சுழற்றும். சக்கரத்தின் அச்சு நேரே மேலே சென்று எந்திரக் கல்லைத் திருப்பும். பற்சக்கரம் எதுவும் தேவையில்லை. கடல் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குவதால், நாளுக்கு இருமுறை மாவு அரைக்கலாம். ஏற்ற இறக்கம் நாள்தோறும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தும். ஆகவே ஆலையாளர் வேலை நேரத்தை வகுத்தது கடல்தான், மடத்து மணியல்ல!

இதன் காலம் மர வளையங்களால் அறியப்பட்டது. மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் வளர்கிறது. மழை நல்ல ஆண்டில் அகலமாகவும் மோசமான ஆண்டில் ஒடுங்கியும் இருக்கும். இந்த அகல ஒடுக்க வரிசை கைரேகை போன்றது. பெல்பாஸ்ட் நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐரிஷ் ஓக் மரங்களின் வளைய வரிசையைப் பல்லாயிரம் ஆண்டுகள் பின்னோக்கித் தொகுத்து வைத்திருந்தனர். ஆலையின் ஓக் கட்டைகளை அத்துடன் பொருத்தியபோது கி.பி. 619 என்ற ஆண்டு கிடைத்தது. கடல் ஏற்ற இறக்கத்தால் இயங்கிய ஆலைகளுள் இதுவரை அகழ்ந்து காணப்பட்டவற்றில் இதுவே மிகப் பழையது. 789-இல் அதே இடத்தில் மற்றோர் ஆலை எழுந்தது. மடம் தொழில்நுட்பத்தை மறக்கவில்லை, திருத்தியது என்பது இதனால் விளங்குகிறது.

நாட்டின் நடுவே ஷானன் ஆற்றங்கரையில் அமைந்த கிளான்மக்னாய்ஸ் மடமும் ஒதுக்குப்புறமன்று. ஆறாம் நூற்றாண்டின் நடுவில் கீரன் என்பவர் அதை நிறுவினார். பனிக்காலத்துப் பனிப்படலம் விட்டுச் சென்ற நீண்ட சரளை மேடு ஒன்று சதுப்பு நிலங்களுக்கிடையே கிழக்கு மேற்காக ஓடுகிறது. பண்டைய பெருவழி அதன்மேற் சென்றது. அப்பெருவழி ஆற்றைக் கடக்கும் இடத்தில்தான் கீரன் மடம் கட்டினார். 1990-களில் முக்குளிப்போர் ஆற்றடியில் ஒரு பெரும் மரப் பாலத்தின் தூண்களைக் கண்டனர். மர வளையங்கள் அதன் காலம் 804 என்றன. நூறு மீட்டருக்கும் நீண்ட பாலத்தை ஒரு மடம் கட்டுகிறதென்றால், அதனிடம் எத்தனை ஆட்களும் காடுகளும் இருந்திருக்கவேண்டும்!

மடங்களில் நிற்கும் உயர்ந்த வட்டக் கோபுரங்களைப் பற்றி முன்பு விநோதமான கதைகள் உலவின. பினீசியரின் நெருப்புக் கோயில் என்றனர் சிலர். 1834-இல் ஹென்றி ஓபிரையன் என்பவர் அவற்றைப் பௌத்தரோடு இணைத்து ஒரு நூலே எழுதினார். ஜார்ஜ் பெட்ரி, ஐரிஷ் நூல்களைக் கொண்டே அவை மணிக் கோபுரங்கள் என்று நிறுவினார். ஐரிஷ் மொழியில் அவற்றின் பெயரே 'மணி வீடு' என்பதுதான். வெளியூர்க் கதையைத் தேடியவர்கள் உள்ளூர்க்காரரைக் கேட்க மறந்தனர்.

இந்த வட்டங்கள் ஆயிரத்து நானூறு ஆண்டுகள் எவ்வாறு பிழைத்தன? சட்டம் அண்மைக் காலத்தது. 1973-இல் அயர்லாந்து ஐரோப்பியப் பொருளாதாரக் கூட்டமைப்பிற் சேர்ந்த பின், விளைச்சலைப் பெருக்கும் வேகத்தில் புல்டோசர்கள் எத்தனையோ கரைகளைச் சமன் செய்துவிட்டன. 1980-இல் டெரினாஃப்லன் என்ற சதுப்புத் திட்டின் மட இடிபாட்டில், உலோகம் காட்டும் கருவியால் ஒரு வெள்ளிப் பூசைக் கிண்ணமும் பிற பொருள்களும் தோண்டி எடுக்கப்பட்டன. புதையல் யாருக்கு உரியது என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, அரசுக்கே என்று 1987-இல் முடிவாயிற்று. 1994-இல் சட்டமும் இறுக்கப்பட்டது.

அதற்கு முன் இவ்விடங்களைக் காத்தது அச்சமும் துயரமுமே. வட்டங்களில் தேவதைகள் உறைகின்றனர், கை வைத்தால் கேடு வரும் என்று உழவர் நம்பினர். மற்றொரு காரணம் இதைவிட நெஞ்சைத் தொடுவது. ஞானஸ்நானம் பெறுமுன் இறந்த குழந்தையைத் திருச்சபையின் இடுகாட்டில் புதைக்க அனுமதியில்லை. ஆகவே தந்தையர் அச்சிறு உடலைக் கைவிடப்பட்ட பழந் தேவாலய வட்டத்துக்கு எடுத்துச் சென்றனர், பெரும்பாலும் இரவில். இவ்வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலும் நீடித்தது. இத்தகைய இடங்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை பதிவாகியுள்ளன. அவற்றை 'கில்லீன்' என்றழைப்பர். சின்னக் 'கில்' என்பதே அதன் பொருள். கல்வெட்டு இல்லை, பெயர் இல்லை. தலைமாட்டில் ஒரு சிறு கல், சில இடங்களில் வெள்ளைப் படிகக் கூழாங்கற்கள். தன் உறவினர் குழந்தை படுத்திருக்கும் மண்ணில் எவர் ஏர் பூட்டுவார்?

டிங்கிள் தீபகற்பத்திலுள்ள ரீஸ்க் மடத்தை 1972 முதல் 1975 வரை டாம் ஃபானிங் அகழ்ந்தார். வட்ட மதிலும் கல் அறைகளும் அழகிய சிலுவைக் கல்லும் உடைய அவ்விடமும் ஒரு கில்லீனாக இருந்ததே. துறவியரின் தளத்தை அடைவதற்கு, அகழ்வோர் முதலில் அக்குழந்தைகளின் சிறு கற்களைக் கடந்தே செல்லவேண்டியிருந்தது.