கூலிக்காரனின் வேகக் காரும் வீட்டுக் கராஜும்

2014ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடந்த ஏலமொன்றில் 1971ஆம் ஆண்டின் பிளிமத் ஹெமி குடா கார் ஒன்று 35 இலட்சம் டொலருக்கு விலைபோனது. இப்படியான செய்திகளைப் படிக்கும்போது 'மசல் கார்' என்றால் கோடீஸ்வரர்களின் விளையாட்டுப் பொருள் என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் அது பிறந்த கதை வேறு. அதைக் காப்பாற்றியவர்களின் கதையும் வேறு.

1963இல் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் தன் பிரிவுகள் எதுவும் கார்ப் பந்தயத்தில் ஈடுபடக்கூடாது என்று தடை போட்டது. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் பூட்டக்கூடாது என்றும் ஒரு விதி இருந்தது. பொன்டியாக் பிரிவில் வேலை செய்த ஜோன் டிலோரியனும் அவருடைய பொறியியலாளர்களும் இந்த விதியில் ஒரு சந்தைக் கண்டுபிடித்தார்கள். புதிய மாடலுக்குத்தானே தலைமையகத்தின் அனுமதி வேண்டும்? அவர்கள் 389 கன அங்குல எஞ்சினை, டெம்பஸ்ட் என்ற சாதாரணக் காருக்கு 295 டொலர் 'மேலதிகத் தெரிவு' என்று விலைப்பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அதன் பெயர் ஜி.ரி.ஓ. 5,000 விற்றால் போதும் என்றிருந்தார்கள். 1964இல் விற்றது 32,450.

1968இல் பிளிமத் நிறுவனம் இன்னும் கீழே இறங்கி வந்தது. ரோட் ரன்னர் என்ற அதன் காரில் தரைக்குக் கம்பளம் இல்லை, றப்பர் விரிப்புத்தான். இருக்கை ஒரே நீள வாங்கு. பணமெல்லாம் எஞ்சினுக்கே போனது. 335 குதிரைவலுக் கொண்ட அந்தக் காரின் ஆரம்ப விலை 2,900 டொலருக்கும் சற்றுக் குறைவு. தொழிற்சாலையில் வேலை செய்யும் இளைஞனும் தவணை முறையில் வாங்கலாம். முதலாம் ஆண்டிலேயே ஏறத்தாழ 45,000 கார்கள் போயின.

இந்தக் கொண்டாட்டம் பத்து ஆண்டுகூட நீடிக்கவில்லை. இளம் சாரதிகளிடம் காப்புறுதிக் கம்பனிகள் மேலதிகக் கட்டணம் கேட்டன. 1970இன் தூய காற்றுச் சட்டம் புகையைக் குறைக்கச் சொன்னது. ஈயம் கலக்காத பெற்றோலுக்கு ஏற்றவாறு 1971இல் எஞ்சின்களின் அழுத்த விகிதம் குறைக்கப்பட்டது. 1973 ஒக்டோபர் யுத்தத்தில் அமெரிக்கா இஸ்ரேலுக்கு ஆதரவளித்ததால் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பீப்பாய் 3 டொலராக இருந்த எண்ணெய், சில மாதங்களில் 12 டொலரை நெருங்கியது. 2022இல் பெற்றோல் வரிசையில் இரவு பகலாக நின்ற நமக்கு அதன் பொருளை யாரும் விளக்கத் தேவையில்லை. பெற்றோல் குடிக்கும் கார்கள் பாவித்த கார் விற்கும் இடங்களில் அடிமாட்டு விலைக்குக் கிடந்தன. பல வேலியோரத்தில் துருப்பிடித்தன.

அங்கேதான் வீட்டுக் கராஜின் வரலாறு தொடங்குகிறது. கையில் அதிகம் காசில்லாத, ஆனால் ஸ்பெனர் பிடிக்கத் தெரிந்த சாதாரண மக்கள் அந்தக் கார்களை வாங்கினார்கள். ஏன் அவர்களால் முடிந்தது? அவற்றில் கணினி இல்லை. காபரேற்றர், டிஸ்ரிபியூற்றர், பிளக் ஆகிய எல்லாம் கண்ணால் பார்த்துக் கையால் சரிசெய்யக்கூடியவை. பொன்டியாக் டெம்பஸ்டும் செவ்ரொலே செவெலும் ஒரே குடும்பத்து அடித்தளத்தைப் பகிர்ந்தவை. செவ்ரொலேயின் சிறிய வி-8 எஞ்சின் 1955இலிருந்து பல இலட்சக்கணக்கில் செய்யப்பட்டது. ஆகவே பழைய இரும்புக்கடையே உதிரிப்பாகக் கடையாயிற்று.

குறைந்த செலவில் மீட்டவர்களின் அனுபவம் ஓர் ஒழுங்கைத் தந்திருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினை அல்ல, துருவை. எஞ்சினை இறக்கி ஏற்றலாம். தரைத்தகடும் சட்டமும் உக்கிப்போனால் வெல்டிங் செலவு காரின் விலையையே விழுங்கிவிடும். பழைய மஸ்டாங்கில் கண்ணாடிக்குக் கீழேயுள்ள காற்றுப் பெட்டி உக்கினால் மழைநீர் உள்ளே ஒழுகித் தரையையும் அரித்துவிடும். விரிப்பைத் தூக்கிப் பாராமல் வாங்கக்கூடாது என்பது அதனால்தான். இரண்டாவது, ஓடுவதற்கு முன் நிறுத்துவது. 1967க்கு முந்திய பல கார்களில் பிரேக் ஒயிலுக்கு ஒரே வழிதான் இருந்தது. ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சில்லுகளின் பிரேக்கும் போய்விடும். இரட்டை வழி மாஸ்டர் சிலிண்டரை மாற்றிப் பூட்டுவது அதிகம் செலவில்லாத வேலை. உயிரைக் காக்கும் வேலையும்கூட. பெயின்ற் எல்லாவற்றுக்கும் கடைசியில்.

வரலாறு படிப்பிக்கும் நமக்கு இதில் இன்னொரு பாடமும் உண்டு. கிறைஸ்லர் தொழிற்சாலைகளில் ஒவ்வொரு காருக்கும் என்னென்ன பூட்ட வேண்டும் என்று அச்சடித்த தாள் ஒன்று வரும். தொழிலாளர்கள் அதை ஆசனத்தின் ஸ்பிறிங்குக்குள் செருகிவிட்டுப் போய்விடுவார்கள். பல ஆண்டுகளின் பின் ஆசனத்தைக் கழற்றுபவர் அந்தத் தாளைக் கண்டெடுத்துக் காரின் முதல் நிறத்தையும் எஞ்சினையும் அறிந்துகொள்கிறார். ஓலைச்சுவடியைப் புரட்டும் ஆய்வாளரின் வேலையும் இதுதானே? ஆவணம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஜி.ரி.ஓவே சாட்சி. 1964, 1965இல் அது வெறும் 'தெரிவு' என்பதால் அடிச்சட்ட இலக்கத்தைக் கொண்டு மட்டும் உண்மையான ஜி.ரி.ஓவை இனங்காண முடியாது. அதனால் சாதாரணக் காருக்கு ஜி.ரி.ஓ பட்டயம் ஒட்டி விற்ற மோசடிகளும் நடந்தன.

இன்று பணம் படைத்தவர்கள் இந்தக் கார்களை வாங்கி, குளிரூட்டிய அறையில் பூட்டி வைக்கிறார்கள். விலை ஏறுகிறது. சம்பளக்காரனுக்காகச் செய்த கார் சம்பளக்காரனின் கைக்கு எட்டாமல் போகிறது. ஆனாலும், விலைமதிப்பில்லாத ஆறு சிலிண்டர் கார்களையும் நான்கு கதவுக் கார்களையும் எடுத்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து மாதம் ஒரு பாகமாகப் பூட்டும் மனிதர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். அந்தக் காரின் முதல் நோக்கத்துக்கு விசுவாசமாக இருப்பவர்கள் அவர்கள்தான் என்பது நமது எண்ணம்.

நம் நாட்டிலும் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலங்களில் மொரிஸ் மைனரையும் ஒஸ்டின் கேம்பிரிட்ஜையும் ஓடவைத்த கைகள் இருக்கின்றன. கிடைக்காத பாகத்தைக் கடைசல் பட்டறையில் தாமே செய்து பூட்டியவர்கள் அவர்கள். அவர்களுடைய அறிவு எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அவர்களோடு போய்விட்டால் திரும்பவும் வராது. உங்கள் ஊர்க் கராஜில் அப்படி ஒரு மூத்த பாஸ் இருந்தால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். கேளுங்கள். எழுதி வையுங்கள். இங்கே கருத்துப் பகுதியிலும் பதியுங்கள், நாமும் படித்துக்கொள்கிறோம்.